ரீச்சர் வீட்டடியில் மெலிந்த ஒழுங்கை

பிள்ளை,

நாளை விடிய நீ வெளிக்கிட்டுவிடுவாய். வவுனியா என்ன பெரிய தூரமா என்று வருகிற போகிற எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் காலையிலிருந்து உன் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக, எள்ளுருண்டை வைக்கவா வேண்டாமா என்று நிற்கிறவளும் நான்தான். கலியாணம் முடிந்து போகிற மகளுக்குத் தாய் சொல்லவேண்டிய புத்திமதிகள் சில இருக்கின்றனவாம். உன் பெரியம்மா நேற்று வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உனக்குச் சமைக்கத் தெரியாது, மருமகனுக்குத் தெரியும், கடவுள் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார். நான் எழுத நினைத்தது வேறொன்று. பள்ளிக்கூடச் சுவரில் இருந்து கழற்றமாட்டேன் என்று நீ பிடிவாதமாக நின்றாயே ஒரு படம், அதைப் பற்றி. அந்தப் படத்தால் இந்த வீட்டில் நடந்ததில் முக்கால்வாசி உனக்குத் தெரியும், மிச்சம் தெரியாது. நேரே சொல்லலாம் என்றால் வீடு முழுக்க ஆட்கள். தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பஸ்ஸில் இருந்து ஆறுதலாக வாசி.

நீ புவியியல் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அச்சுவேலி மாமி வந்து, "அதைப் படிச்சு என்ன செய்யிறது, பிள்ளை? பூமி இஞ்சைதானே கிடக்கு" என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்கும் அந்தப் பாடத்தில் பெரிய மதிப்பு இருக்கவில்லை. நான் படித்த காலத்தில் அதைச் சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். வாத்தியார் தடியில் சுற்றிய தேசப்படத்தை விரித்துத் தொங்கவிட்டுப் பிரம்பால் ஓர் இடத்தைத் தொடுவார், நாங்கள் கோரஸாகப் பெயரைச் சொல்லுவோம். எந்த ஆறு எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்பதை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன். ஆறு என்றால் என்ன என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். மாரியில் ஓடிவிட்டுப் பிறகு காணாமல் போகிற வழுக்கையாற்றை விட்டால் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்ன இருக்கிறது? சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில், நீ சின்னப் பிள்ளை, கண்டிக்குப் போனபோதுதான் நான் மகாவலியைப் பார்த்தேன். பாலத்தில் நின்று உன் அப்பாவிடம், இந்தத் தண்ணீர் நிற்கவே நிற்காதா என்று கேட்டேன். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உனக்கு எங்கள் ஊர் உரும்பிராயிலேயே, அதுவும் இரண்டு பக்கமும் வேலியோடு போகிற எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே நியமனம் கிடைத்தது. ஆறாம் வகுப்புக்குப் புவியியல். முதல் கிழமை நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சீலைகூட மாற்றாமல் குசினிக் கதவில் சாய்ந்து நின்று கதைத்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. புத்தகத்தின் தொடக்கத்தில் மலையும் அருவியும் இருந்தனவாம். மலையைக் கண்ட ஒரு பிள்ளையும் வகுப்பில் இல்லையாம். நீ புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிற வழியைத் தாளில் படமாகக் கீறச் சொல்லியிருக்கிறாய். திசையும் போடச் சொன்னாயாம். ஒரு சிறுமி தாளின் உச்சியில் மேற்கைப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "மேற்கு எண்டால் மேலைதானே, ரீச்சர்" என்றாளாம். நீ அதற்குப் பிழை போடவில்லை. மேற்கில் மலை உள்ள ஊரில் இருந்தவர்களுக்கு அந்தத் திசை மேலே இருந்தது, அதனால்தான் அந்தச் சொல் வந்ததாகச் சொல்லுகிறார்கள், எங்களுக்கு எல்லாத் திசையும் மட்டம்தான் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினாய். தாளில் எந்தத் திசையையும் மேலே வைக்கலாம், எதை வைத்தாய் என்று ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும் என்றும் சொன்னாய். இத்தனை வயதுக்கு நான் ஒரு நாளும் அதை யோசித்ததில்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த உன் அப்பா, அந்தப் பிள்ளை சொன்னதில் என்ன பிழை என்று அவளுக்காக உன்னோடு வழக்காட வந்துவிட்டார். அப்போது அவருக்குப் புவியியலோடு ஒரு கோபமும் இல்லை.

அடுத்த தவணையில்தான் நீ பிள்ளைகளை வெளியே கூட்டிவந்தாய். பெரிய றோட்டில் தொடங்கிப் பள்ளிக்கூடத்தின் பின்வாசல் படலை வரை எங்கள் ஒழுங்கையை அளந்து படமாகக் கீறுவது என்று வகுப்பில் முடிவெடுத்திருந்தீர்கள். தும்புக் கயிற்றில் அளவுக்கு முடிச்சுப் போட்டு, ஒரு பிள்ளை இந்த வேலியிலும் மற்றப் பிள்ளை அந்த வேலியிலுமாகப் பிடித்து, ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஒழுங்கையின் அகலத்தை எடுத்தார்கள். நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து படலையில் நின்றேன். இவ்வளவு பெரிய ஒழுங்கையைத் தாளுக்குள் எப்படி அடக்குவது என்று ஒருத்தி கேட்டாள். நீ சொன்னாய்: "குறைக்கிறதெண்டால் எல்லாத்தையும் ஒரே மாதிரிக் குறைக்கவேணும். பிடிச்ச ஆளின்ரை வீட்டு வளவைப் பெரிசாயும் பிடிக்காத ஆளின்ரையைச் சின்னனாயும் கீறக்கூடாது. அதுதான் அளவிடை." புவியியலில் இது ஆறாம் வகுப்புப் பாடமாம். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிற பெரிய மனிதர்கள் எத்தனையோ பேருக்கு இது எழுபது வயதிலும் தெரியாது. நாளைக்கு உன் மாமியார் சொல்லும் குறையையும் நான் சொல்லும் குறையையும் நிறுக்கிறபோது, பிள்ளை, எங்கள் இருவருக்கும் அதே அளவிடையை வைத்துக்கொள். எனக்கென்று கூட்டிப் போடாதே. இதுதான் என் முதல் புத்திமதி, அதுவும் உன்னிடமே திருடியது.

இனி வேலியின் கதை. இந்தக் காணி எனக்குச் சீதனமாக வந்தது, உனக்குச் சீதனமாகப் போகிறது. பெயர் என்னுடையதாக இருந்தாலும் வேலி என்றைக்கும் உன் அப்பாவின் இராச்சியம். சண்டைக் காலத்தில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வளவு முழுக்கப் பற்றை, வேலி நின்ற அடையாளமே இல்லை. கிணற்றையும் மூலையில் நின்ற பனையையும் வைத்துக்கொண்டு ஒரு குத்துமதிப்பில் அவர் வேலிக்கு முதலாவது கதியால் தடியை ஊன்றினார். ஊன்றிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த நாளில் இருந்து நிலத்தில் ஓர் அங்குலத்தையும் விடமாட்டேன் என்ற ஒரு குணம் அவருக்கு வந்துவிட்டது. வேலிக் கதியால் ஒன்று பட்டுப்போனால் புதிது நடவேண்டும். பட்டதின் கட்டை குழிக்குள் கிடக்கும், தோண்டுவது கரைச்சல். ஆகவே கொஞ்சம் தள்ளி, ஒழுங்கைப் பக்கமாக நடுவார். வளவுப் பக்கமாகவும் தள்ளி நடலாம்தான். யாழ்ப்பாணத்தில் அப்படி நட்ட ஓர் ஆளை நான் இன்னும் காணவில்லை. அடுத்த முறை வேலி அடைக்கும்போது மற்றக் கதியால்களும் அந்தப் புதியதோடு வரிசைக்கு வந்துவிடும். இப்படி வருடாவருடம் வேலி நடந்தது. எதிர்வீட்டாருடைய வேலியும் இடைக்கிடை ஓரடி எடுத்து வைத்ததுதான், அதனால் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. ஆனால் அவர்களுடையது நின்று நின்று நடந்தது, எங்களுடையது நிற்கவேயில்லை. வேலி அடைக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தவள் நான், ஆனபடியால் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

பெற்றோர் தினத்தன்று அந்தப் படம் மண்டபச் சுவரில் தொங்கியது. உன் அப்பா கரைவேட்டி கட்டிச் சால்வை போட்டுக்கொண்டு, ரீச்சரின் தகப்பன் என்ற மிடுக்கோடு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல படம். மதகு, மின்கம்பம், பூவரசு, ஒரு வீட்டு நாய்கூட அதன் இடத்தில் இருந்தது. ஒழுங்கை றோட்டடியில் அகலமாகத் தொடங்கி, நேரே வந்து, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பட்டினி கிடந்த வயிறுபோல ஒட்டி, பிறகு திரும்ப அகன்று பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஒட்டின இடத்தில் அழகான எழுத்தில் "ரீச்சர் வீடு" என்று எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை, அளந்தார்கள், கீறினார்கள். பார்க்க வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர், எங்களோடு நல்லாகப் பழகுகிறவர், படத்துக்குக் கிட்டப் போய் நின்று, "ஒழுங்கை ரீச்சர் வீட்டடியிலைதான் நல்லா மெலிஞ்சு போச்சு" என்றார். பின்னுக்கு நின்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். உன் அப்பா தேத்தண்ணீர் குடிக்காமலே வெளிக்கிட்டார்.

அன்று பின்னேரம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் எப்படிப் பார்த்தேன் என்று எழுதவேண்டும். வேலியைப் பிடுங்கிவிட்டு அந்த வரிசையிலேயே மதில் கட்டுவதற்குக் கல்லும் மணலும் வந்து முற்றத்தில் கிடந்தன. கலியாணத்துக்கு முன் மதில் எழும்பவேண்டும். சம்பந்தி வீட்டாருக்கு அவர் காணியின் அளவைச் சொல்லிவிட்டார், வேலி நடந்து பிடித்ததையும் சேர்த்து. மதில் கட்டினால் அந்த அளவு என்றைக்கும் அதுதான். இப்போது படத்தைச் சம்பந்தி வீட்டில் ஒருவர் பார்த்தால் பொய் சொன்ன ஆளாகிவிடுவேன் என்பதுதான் அவருடைய நெருப்பு. "உந்தப் படத்தை நாளைக்குக் கழட்டு. உனக்கெண்டுதானே நான் இவ்வளவும் பிடிச்சு வைச்சனான்" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீ கதவடியில் நின்றாய். "அப்பா, அது நான் கீறின படமில்லை. பிள்ளையள் அளந்து கீறினது. நான் அதைக் கழட்டிப்போட்டு, நாளைக்கு எந்த முகத்தோடை அவையை அளக்கச் சொல்லுவன்?" என்றாய். நிலம் மாறினால் படத்தை மாற்றலாம், நிலம் இருக்கிறபடி இருக்கப் படத்தை மட்டும் மாற்றச் சொல்லாதேயுங்கோ என்றும் சொன்னாய். தகப்பனுக்கு வாய்காட்டுகிறாள் என்று நான் உன்னை ஏசியிருக்கவேண்டும். ஏசவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது பெருமை, பிள்ளை. வயிற்றுக்குள் இருந்து வந்தது.

பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் அல்ல. அவர் உன்னோடு கதைக்கவில்லை. கலியாண வீட்டு அலுவல் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லி, "உவளிட்டைச் சொல்லு" என்று பக்கத்தில் நிற்கிற உனக்கே தூது அனுப்பினார். நீ சோறு போட்டுக் கொடுத்தால் கோப்பையைத் தொடாமல் நான் வரும்வரை இருந்தார். சின்ன மாமா சமாதானம் பேச வந்து, அளவிடையைக் கொஞ்சம் நெளித்து ஒழுங்கை முழுவதையும் ஒரே அகலமாகக் கீறிவிட்டால் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லையே என்று ஒரு வழி சொன்னார். நீ அவருக்கு வடை எடுத்துக் கொடுத்தாய். பள்ளிக்கூட அதிபரும், படத்தை மண்டபத்தில் இருந்து எடுத்து வகுப்புக்குள் மாட்டினால் என்ன என்று மெல்லக் கேட்டாராம். எல்லா வகுப்புப் படங்களையும் எடுப்பதென்றால் இதையும் எடுக்கிறேன் என்றாயாம். மருமகனிடம் நீயே போனில் சொன்னாய், அப்பா சொன்ன அளவில் காணி கொஞ்சம் குறையும் என்று. அவர் படத்தை அனுப்பு பார்ப்போம் என்று கேட்டு, பார்த்துவிட்டு, நாய் நல்லாக வந்திருக்கிறது என்று மட்டும் எழுதினதாகச் சொன்னாய். அன்றைக்குத்தான் இந்தப் பிள்ளை உனக்குச் சரி என்று என் மனம் ஆறியது. ஆனால் தகப்பன் முகம் கொடுக்காமல் மணவறையில் இருக்கப்போகிறாயே என்பதை நினைத்து நான் சாமியறையில் அழுத அழுகை உனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, நீ சீலை எடுக்க யாழ்ப்பாணப் பட்டணம் போயிருந்தாய். அவர் மாடு கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, வா என்றார். எங்கே என்று கேட்கவில்லை, பின்னால் போனேன். பிள்ளைகள் பிழை விட்டிருப்பார்கள் என்பதுதான் அவர் எண்ணம். றோட்டடியில் தொடங்கி ஒவ்வொரு படலையாக ஒரு நுனியை என்னிடம் தந்து, இறுக்கிப் பிடி, தளரவிடாதே என்று அளந்துகொண்டு வந்தார். சைக்கிளில் போனவர்கள் இறங்கி வழிவிட்டார்கள். நல்லாகக் கதைக்கிற அந்த வெங்காயத் தோட்டக்காரர்கூட ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் படலைக்கு வந்தபோது, மற்றப் படலைகளில் முழுக்க இழுபட்ட கயிற்றில் பாதி அவர் கையிலேயே மிஞ்சிக் கிடந்தது. பிறகு என் கையில் இருந்த நுனியை வாங்கிக் கயிற்றைச் சுற்றினார். அன்று முழுவதும் தோட்டத்தில்தான் நின்றார்.

திங்கட்கிழமை மதில் கட்டுகிற மேசன் வந்து வேலி வரிசையில் நூல் கட்டத் தொடங்கினார். உன் அப்பா நூலை அவிழ்த்து, வளவுக்குள்ளே வந்து, முதல் கதியாலுக்கு அடையாளமாக இருந்த பழைய பனையின் அடிக்கட்டை நேருக்குக் கட்டச் சொன்னார். இவ்வளவையும் விடுகிறீர்களா என்று மேசன் கேட்டதற்கு, கட்டச் சொன்ன இடத்தில் கட்டு என்றார். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த நீ அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு முற்றத்தில் நின்றாய். அவர் எத்தனையோ நாளைக்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்து, "இப்ப உங்கடை படம் பிழை. மாத்தச் சொல்லு" என்றார். நீ என்ன சொன்னாய்? ஓம் அப்பா, பிள்ளைகள் வந்து அளந்த பிறகு மாற்றுவோம் என்றாய். அடி செருப்பாலே என்று எனக்கு வாயில் வந்தது. மனிசன் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார், அப்போதும் அளக்காமல் மாற்றமாட்டாளாம். அவரோ உன்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்கும் தானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைகள் வந்து அளந்தபோது மதில் பக்கத்துக் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

இதுவரை, அந்தச் சனிக்கிழமையை விட்டால், உனக்குத் தெரிந்தது. புத்திமதி என்று இன்னொன்று சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லுவேன். நீ சொன்னது சரியாக இருந்தது, ஆனால் சரியாக இருக்கிறவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது லேசில்லை. மருமகன் எப்போதாவது பிழை விடுவார். அப்போது அவருக்கும் ஒரு சனிக்கிழமை கொடு. தானே போய் அளந்துபார்த்துவிட்டு வர அவகாசம் கொடு. வவுனியாப் பள்ளிக்கூடத்தில் குளமும் வயலும் கண்ட பிள்ளைகள் உனக்குக் கிடைப்பார்கள். அவர்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நீ படாதபாடு படப்போகிறாய். அந்தக் கதையை எனக்கு எழுது.

இனி உனக்குத் தெரியாத இன்னொன்று. கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நீ பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை என்று நின்ற நேரம், சீதன உறுதிப் பத்திரம் எழுதுவதற்காக நில அளவையாளர் வந்தார். உன் அப்பா விடியவே அதிபரிடம் போய்ப் பிள்ளைகள் திருத்திய படத்தைக் கேட்டு வாங்கி, சுருட்டி, சைக்கிள் காண்டில் பிடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. அளவையாளர் முக்காலியை நட்டு, குழலால் பார்த்து, எங்கள் மதிலடியில் ஒழுங்கையின் அகலத்தைச் சொன்னார். உன் அப்பா படத்தை மதிலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, அதில் எழுதியிருந்த அளவில் விரலை வைத்துப் பார்த்தார். படத்தில் இருந்ததற்கும் அளவையாளர் சொன்னதற்கும் ஒரு சாண் வித்தியாசம். அளவையாளர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், இது ஆர் கீறினது என்று கேட்டார்.

"என்ரை மகள் படிப்பிச்ச பிள்ளையள் அளந்தது" என்றார் உன் அப்பா. "அவை அளந்தால் பிழைக்காது. நீங்கள் இன்னொருக்கால் அளந்து பாருங்கோ."

அளவையாளர் முக்காலியைத் திரும்ப நட்டார்.

அம்மா